நடுவர்கள் பார்த்தது உங்கள் குயில்ட்டை அல்ல

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: கண்காட்சிக்கு அனுப்பினோம், எடுக்கவில்லை. அதனால் மற்ற தையல் சந்தேகங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு விளக்கம். மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைப்பது குயில்ட். படுக்கையில் விரிப்பதற்காக இல்லாமல், ஓவியம் போலச் சுவரில் மாட்டவென்றே செய்தால் அது ஆர்ட் குயில்ட்.

கேள்வி: அக்கா, அம்மா போன பிறகு அவருடைய காஞ்சிபுரம் பட்டுப் புடவைகள் என்னிடம் வந்தன. இற்றுப்போன மூன்றை வெட்டி, கும்பகோணத்தில் நாங்கள் குடியிருந்த தெருவைக் குயில்ட்டாகச் செய்தேன். வரிசையாகத் திண்ணைகள், தூண்கள், மாலை வெயில். ஐந்தடி அகலம், நான்கடி உயரம். துண்டுகளை மெஷினில் இணைத்தேன். அதன்மேல் போட்ட தையல் முழுக்கக் கையால். இரண்டு குளிர்காலம் பிடித்தது. நடுவர் குழு தேர்ந்தெடுக்கும் ஒரு பெரிய கண்காட்சிக்கு அனுப்பினேன். மூன்று வரியில் மெயில் வந்தது. நிறைய நல்ல படைப்புகள் வந்தன, உங்களுடையதைச் சேர்க்க முடியவில்லை, வருந்துகிறோம். அன்றைக்கே அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். மெஷின் பக்கம் போகவே பிடிக்கவில்லை. அம்மாவின் புடவையை வேண்டாம் என்று சொன்ன மாதிரி இருக்கிறது. நான் ஆர்ட்டிஸ்ட் இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டியதுதானா? அனுப்பிய படங்களை இணைத்திருக்கிறேன்.
பெயர் வேண்டாம், நியூ ஜெர்சி

பதில்: முதல் வேலையாக அலமாரியைத் திறந்து அதை வெளியே எடுங்கள். பட்டை மடித்து வைக்கக் கூடாது. மடிப்பில் ஜரிகை முறியும். பஞ்சு விரிப்பு வைத்துத் தைத்த பட்டில் மடிப்புக்கோடு விழுந்தால் லேசில் போகாது. அகலமான அட்டைக் குழாய் ஒன்றின்மேல் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி, அதன்மேல் குயில்ட்டை முகப்பு வெளியே தெரியும்படி சுருட்டி வையுங்கள். மனசு ஆறுவதற்கு நாளாகட்டும். இதை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள்.

அம்மாவின் புடவையை வேண்டாம் என்று சொன்ன மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் உடனே போக முடியவில்லை. அம்மா கட்டிய புடவையில் கத்திரி வைப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று வைத்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அந்த நடுவர்களுக்கு அது உங்கள் அம்மாவின் புடவை என்றே தெரிந்திருக்காது. இந்த மாதிரிக் கண்காட்சிகளில் பெரும்பாலும் பெயரை மறைத்துத்தான் காட்டுவார்கள். திரையில் ஒரு முழுப் படம், ஒரு கிட்டப் படம், அளவு, என்ன துணி, என்ன முறை. நாம் உருகி உருகி எழுதி அனுப்பும் குறிப்பைப் பல இடங்களில் முதல் சுற்றில் காட்டுவதே இல்லை.

சொல்லப்போனால், அவர்கள் உங்கள் குயில்ட்டையே பார்க்கவில்லை. பார்த்தது படத்தை. பட்டின் கனம், கையால் போட்ட ஓட்டுத்தையல் துணியை அழுத்தி எழுப்பும் மேடுபள்ளம், நாம் ஓரடி நகர்ந்தால் ஜரிகையில் கூடவே நகரும் வெளிச்சம், இதெல்லாம் திரைக்கு வராது. அதை நேரில் பார்த்தவர்கள் இதுவரை நீங்களும் உங்கள் வீட்டாரும்தான்.

தேர்வு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நான் இருக்கும் கொலம்பஸிலிருந்து ஒன்றரை மணி நேரக் கார் தூரத்தில், ஒஹாயோவின் ஏதென்ஸ் ஊரில் ‘குயில்ட் நேஷனல்’ நடக்கிறது. ஆர்ட் குயில்ட் செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும். வந்து குவிகிற படைப்புகள் சில முறை 1000ஐ ஒட்டிப் போகும். சுவரில் ஏறுவது 80 சொச்சம். இந்த அளவுக்கு வந்தால் எந்தக் கண்காட்சியிலும் முதல் சுற்றில் ஒரு படத்துக்குக் கிடைப்பது சில நொடிகள்தான். அப்புறம் வாக்கு, குறைப்பு, மறுபடி வாக்கு. கடைசிச் சுற்றில் மிஞ்சுபவை எல்லாமே நல்லவையாக இருக்கும். அதற்குமேல் குறைப்பதற்குக் காரணமாக வருவது வேலையின் தரம் மட்டும் இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு சின்னக் கலைக்கூடம் நடத்திய துணிக்கலைக் கண்காட்சிக்கு மூன்று நடுவர்களில் ஒருவராக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நவராத்திரிக்குக் கொலு அடுக்குகிற மாதிரிதான் இருந்தது. பொம்மை நன்றாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, இந்தப் படியில் இதற்குப் பக்கத்தில் இது நிற்குமா என்பது வேறொரு கேள்வி. நீலக் கடல் மட்டும் மூன்று வந்திருந்தன. மூன்றும் நல்ல வேலை. ஒன்றைத்தான் எடுத்தோம். மிகப் பெரிய ஒன்று பிரதான சுவரை அடைத்துக்கொண்டது. அதற்காக நடுத்தர அளவில் இரண்டு வெளியே போயின. நான் கடைசிவரை வாதாடிய ஒன்று உண்டு. மருத்துவமனைச் சீருடைகளை வெட்டிச் செய்த சாம்பல்பச்சைக் குயில்ட். சட்டைப் பைகளை அப்படியே விட்டிருந்தார்கள், ஒரு பையின் அடியில் பேனா மை கசிந்த கறையோடு. ஆனால் அதைக் கட்டில்மேல் விரித்துப் படம் எடுத்திருந்தார்கள். ஓரம் நெளிந்து தெரிந்தது. வேண்டுமென்றே நெளித்ததா, தையல் இழுத்துக்கொண்டதா என்று மற்ற இருவருக்கும் சந்தேகம். போய்விட்டது. அதைச் செய்தவருக்கும் உங்களுக்கு வந்த மாதிரி மூன்று வரிதான் போயிருக்கும். தன் வேலைக்காக ஒருத்தி அத்தனை நேரம் வாதாடினாள் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. இப்படி எந்த மெயிலுக்குப் பின்னாலும் யாராவது இருந்திருக்கலாம் என்று நான் நம்புகிறேன்.

அடுத்ததாக, கண்காட்சிகளில் இரண்டு வகை உண்டு. ஊர்க் குயில்ட் சங்கங்கள், இங்கே கில்டு என்பார்களே, அவை நடத்தும் பலவற்றில் நடுவர் குயில்ட்டை நேரில் பார்ப்பார். கையுறை போட்டுத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார், ஓரப்பட்டிக்குள் துணி நிறைந்திருக்கிறதா என்று விரலால் தடவுவார். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அவர் சொல்வதை எழுதுவார். அந்த எழுதுகிற வேலையை நான் விரும்பிச் செய்திருக்கிறேன். ‘நிறத் தேர்வு வலுவானது, மூலைகள் இன்னும் கூர்மையாக வரலாம்’ என்கிற மாதிரி ஒரு தாள் உங்கள் கைக்கு வரும். நீங்கள் அனுப்பியது அந்த வகை இல்லை. இங்கே உண்டு, இல்லை என்ற இரண்டே பதில்தான். குறிப்புத் தாள் கிடையாது, மதிப்பெண் கிடையாது. மதிப்பெண்ணே போடாத இடத்திலிருந்து பூஜ்யம் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆர்ட்டிஸ்ட் இல்லையா என்று கேட்டீர்கள். குயில்ட் நேஷனல் 1979இல் எப்படித் தொடங்கியது என்பதைச் சொன்னால் போதும். நான்சி க்ரோ, ஃப்ரான்ஸ்வாஸ் பார்ன்ஸ், வர்ஜீனியா ராண்டில்ஸ் என்ற மூன்று பெண்கள் அதை முன்னின்று நடத்தினார்கள். அவர்களும் அவர்களைப் போன்றவர்களும் செய்த குயில்ட்டுகள் மரபான கண்காட்சிகளின் சட்டத்துக்குள் அடங்கவில்லை. ஓவியக் கூடங்களோ அவற்றைப் போர்வை என்று பார்த்தன. இரண்டு பக்கமும் இடம் கிடைக்காத வேலைகளுக்காகத்தான் அந்தக் கண்காட்சியே பிறந்தது.

சரி, இப்போது நீங்கள் அனுப்பிய படங்களுக்கு வருகிறேன். ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால் அது உங்கள் வேலைக்கு நான் காட்டும் மரியாதை ஆகாது. தூண்கள் அருமை. அரக்குக் கரையை நெடுக்காக வெட்டித் தூணாக நிறுத்தியிருக்கிறீர்கள். உடலும் கரையும் சேரும் கோர்வை இடத்தை மறைக்காமல், அதையே தூணின் நிழல் விளிம்பாக மாற்றியது பெரிய கண்டுபிடிப்பு. புடவையைத் தெரிந்தவரால்தான் அது முடியும். கடுகு நிற உடல் மாலை வெயிலாகப் பொருந்திவிட்டது. வானம்தான் இறந்து கிடக்கிறது. கடையில் வாங்கிய வெளிர்நீலப் பருத்தி என்று நினைக்கிறேன். பட்டுக்குப் பக்கத்தில் அதில் வெளிச்சம் இல்லை. மேலே மூன்றில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்புறம், படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஆறு திண்ணைகளும் சேர்ந்து குறுக்கே போகும் ஒரு பட்டையாகத்தான் தெரிகின்றன. கிட்டே போனால்தான் தெரு வருகிறது. முதல் சுற்றில் கிட்டே போக யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

என் யோசனை இது. இந்தக் குயில்ட்டைப் பிரிக்காதீர்கள், திருத்தாதீர்கள். ஒரு வாரம் கூடத்துச் சுவரில் மாட்டி, எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்று பாருங்கள். காலையில் ஒருமுறை, விளக்கு போட்ட பிறகு ஒருமுறை. கண் திரும்பத் திரும்ப எங்கே போகிறது என்று கவனியுங்கள். எனக்கென்னவோ அது இடப்பக்கத்து இரண்டாவது தூணுக்குத்தான் போகும் என்று படுகிறது. மிச்சம் இருக்கும் பட்டில் அந்த ஒரு தூணையும் அதன் கீழுள்ள திண்ணை முனையையும் மட்டும், ஆளுயரத்துக்குச் செய்து பாருங்கள். வானமே வேண்டாம். அதற்குப் போதுமான கரை இல்லாவிட்டால் எனக்கு எழுதுங்கள், வேறு வழி யோசிப்போம்.

கேள்வி: படம் சரியில்லாததால்தான் என்னுடையது போனது என்று தோழி சொல்கிறாள். இதற்காக ஒரு போட்டோகிராபரைப் பிடிக்க வேண்டுமா? போனில் எடுத்தால் ஆகாதா? என்னுடையதிலும் ஜரிகை நிறைய.
வாசகி, டெக்சஸ்

பதில்: துணியைப் படமெடுத்துப் பழகிய ஒருவர் பக்கத்தில் கிடைத்தால் காசு கொடுங்கள். அனுமதிக் கட்டணம், பஞ்சு விரிப்பு, நூல் என்று எவ்வளவோ செலவழிக்கிறோம். நடுவர் கண்ணில் படப்போவது படம் ஒன்றுதான். கிடைக்காவிட்டால் நல்ல போனே போதும், பொறுமை இருந்தால்.

குயில்ட்டைத் தரையிலோ கட்டிலிலோ பால்கனிக் கம்பியிலோ போடாதீர்கள். பின்பக்கம் மேலே துணிக்குழல் தைத்து, அதில் பட்டையான மரச்சட்டம் நுழைத்து, வெறும் சுவரில் தொங்கவிடுங்கள். ஒரு நாள் தொங்கினாலே சுருக்கம் இறங்கும். நூல் பிசிறு, நாய் முடி எல்லாவற்றையும் ஒட்டும் உருளையால் எடுத்துவிடுங்கள். போனை ஸ்டாண்டில் வையுங்கள். லென்ஸ் குயில்ட்டின் நட்டநடு உயரத்தில், சுவருக்கு இணையாக இருக்க வேண்டும். கிட்ட நின்று எடுத்தால் நேர்க்கோடுகள் வளையும். நன்றாகப் பின்னால் போய், இரண்டு மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் எடுங்கள். நான்கு ஓரமும் தெரிய வேண்டும், சுற்றிலும் கொஞ்சம் சுவரும் தெரிய வேண்டும். மேலே பிடித்திருக்கும் கணவரின் விரல்கள் தெரியக் கூடாது. அந்த மாதிரிப் படங்கள் நிறைய வருகின்றன.

வெளிச்சத்தில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விளக்கு, சுமார் 45 டிகிரி சாய்வில் வையுங்கள். ஆனால் இரண்டும் ஒரே பலத்தில் இருந்தால் துணி தட்டையாகிவிடும், தையலின் மேடுபள்ளம் காணாமல் போகும். ஒன்றைச் சற்றுத் தள்ளி வைத்தால் மறுபக்கத்தில் மெல்லிய நிழல் விழுந்து ஒவ்வொரு தையலும் எழுந்து நிற்கும். ஜரிகைக்கு நேர் வெளிச்சம் ஆகவே ஆகாது, வெள்ளையாக வெந்துபோய் வெறும் பொட்டாகிவிடும். விளக்குக்கு முன்னால் மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிடுங்கள். வெளிச்ச அளவையும் ஒரு படி குறைத்து எடுங்கள். மேகமூட்டமான நாளில் பெரிய ஜன்னல் பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சம் பட்டுக்கு அழகாக இருக்கும்.

நிறத்தையும் பாருங்கள். அரக்கு படத்தில் குங்குமச் சிவப்பாக மாறிவிடும். மயில்கழுத்து நிறம் பச்சை, நீலம் இரண்டில் ஒன்றாகிவிடும். பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து முதல் படம் எடுத்துக்கொண்டால் பிறகு அதை வைத்துச் சரிசெய்யலாம். கிட்டப் படத்துக்கு எல்லோரும் மிக அழகான மயிலையோ பூவையோ தேர்ந்தெடுக்கிறார்கள். அது முழுப் படத்திலேயே இருக்கிறது. தையலும் அடுக்கும் இரண்டு துணி சந்திக்கும் இடமும் தெரிகிற மூலையைக் கொடுங்கள். இது வெறும் அச்சடித்த துணி அல்ல, தைத்தது என்று நடுவருக்குக் காட்டுகிற ஒரே சாட்சி அந்தப் படம்தான்.

கேள்வி: ஏன் எடுக்கவில்லை என்று நடுவர்களுக்கு மரியாதையாக மெயில் எழுதிக் கேட்கலாமா?
வாசகர், டொராண்டோ

பதில்: வேண்டாம். கண்காட்சியே கருத்துச் சொல்வதாக அறிவித்திருந்தால் தவிர. நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றைப் பற்றி அவர்களால் நினைவிலிருந்து நேர்மையாக எதுவும் சொல்ல முடியாது. சும்மா சொல்லிவைக்கும் ஒரு காரணத்தை நீங்கள் அடுத்த பல ஆண்டுகள் சுமப்பீர்கள். கண்காட்சிப் புத்தகம் வெளியானதும் அதில் நடுவர்கள் எழுதும் குறிப்பைப் படியுங்கள். எதைத் தேடினோம், எதைப் பார்த்து அலுத்தோம் என்று பலர் மனம் திறந்து எழுதுகிறார்கள். உங்கள் குறிப்பிட்ட வேலைக்குக் கருத்து வேண்டுமானால், அதை நேரில் தூக்கிக்கொண்டு போய், துணி வேலை தெரிந்த இரண்டு பேரிடம் காட்டுங்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். ‘உங்கள் கண் முதலில் எங்கே போகிறது, எங்கே சலிக்கிறது?’ என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்.

கேள்வி: நானும் என் நெருங்கிய தோழியும் ஒரே கில்டில் இருக்கிறோம். ஒன்றாகத் துணி வாங்கி, ஒரே மேஜையில் தைத்து, ஒரே நாளில் விண்ணப்பித்தோம். அவளுடையது தேர்வானது. திறப்பு விழாவுக்குக் கூப்பிடுகிறாள். பொறாமையாக இருக்கிறது. இப்படி நினைக்கிறேனே என்று என்மேலேயே வெறுப்பாகவும் இருக்கிறது. போகட்டுமா?
வாசகி, கலிபோர்னியா

பதில்: போங்கள். திறப்பு விழா அன்றைக்கு முடியாது என்று தோன்றினால் அன்றைக்குப் போக வேண்டாம், இன்னொரு நாள் தனியாகப் போங்கள். ஆனால் அவளிடம் சாக்குச் சொல்லாதீர்கள். ‘எனக்கு வரவில்லையே என்று வலிக்கிறது, உனக்கு வந்ததில் சந்தோஷமும் இருக்கிறது, இரண்டும் நிஜம்’ என்று சொல்லிவிடுங்கள். ஒரே மேஜையில் தைத்தவளுக்கு அது ஏற்கெனவே தெரியும். நீங்கள் சொல்லாமல் விட்டால்தான் நடுவில் ஏதோ வந்து உட்காரும்.

பொறாமைக்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். ஆசைப்பட்ட ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வேறொருவருக்குப் போனால் மனசு சுருங்கத்தான் செய்யும். அதை வைத்து அவளுடைய குயில்ட்டில் குறை தேட ஆரம்பித்தால் மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக ஒன்று செய்யலாம். அவள் அந்த மேஜையில் எடுத்த முடிவுகளில் எதை நீங்கள் எடுத்திருக்க மாட்டீர்கள்? ஒரு நிறம், ஒரு வெற்றிடம், நீங்கள் அழகாகத் தைத்து நிரப்பியிருக்கக்கூடிய இடத்தை அவள் அப்படியே விட்டது. அதைக் கண்டுபிடித்து அவளிடமே சொல்லுங்கள். அவளுக்கு யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்களுக்கும் அதில் கற்றுக்கொள்ள இருக்கும்.

அங்கே போனால் எல்லாக் குயில்ட்டுகளையும் பார்க்க வேண்டியதில்லை. ஐந்தாறு போதும். தள்ளி நின்று, கிட்டே போய், பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள். புத்தகத்திலோ திரையிலோ பார்த்தபோது சாதாரணமாகத் தெரிந்த ஒன்று நேரில் ஆளை அசைத்துவிடும். திரையில் ஜொலித்த ஒன்று நேரில் ஒன்றுமில்லாமல் போகும். படத்துக்கும் பொருளுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை அங்கே நின்றால்தான் நம்ப முடியும். என்றைக்காவது ஒஹாயோ பக்கம் வந்தால் ஏதென்ஸில் குயில்ட் நேஷனல் நடக்கும் டெய்ரி பார்ன் கட்டடத்தையும் பாருங்கள். அந்த ஊர் மனநல மருத்துவமனைக்காக 1914இல் கட்டிய மாட்டுத் தொழுவம் அது. 1970களில் இடிக்க இருந்ததை ஊர்க்காரர்கள் போராடிக் காப்பாற்றினார்கள். இன்றைக்கு அந்தத் தொழுவத்துக்குள் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்த குயில்ட்டுகள் தொங்குகின்றன. எனக்கு அந்த இடத்தின்மேல் தனிப் பிரியம் உண்டு.

கேள்வி: தேர்வானவற்றைப் பார்த்தால் பெரும்பாலும் கோடும் கட்டமும், இல்லாவிட்டால் சாயம் பூசிய துணி. என்னுடையது கோயில் குளம், தெப்பம். அடுத்த முறை அவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி மாற்றிச் செய்துவிடலாமா?
வாசகி, லண்டன்

பதில்: அடுத்த முறை நடுவர்களே வேறு ஆட்கள். யாருக்குப் பிடிக்கிற மாதிரி மாற்றுவீர்கள்?

அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர் இருக்கிறது, ஆற்று வளைவுக்குள். அங்குள்ள கறுப்பினப் பெண்கள் பழைய வேலைச் சட்டை, ஜீன்ஸ், கிடைத்த துணியை வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் குயில்ட் செய்தார்கள். கோடு நேராகப் போகாது. பாதியில் நிறம் மாறும். செய்கிறவர் மனம்போல வளரும். 1966இல் அந்தப் பகுதிப் பெண்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். நியூயார்க்கின் பெரிய கடைகளிலிருந்து ஆர்டர் வந்தது. ஆனால் கடைகளுக்கு எல்லாம் ஒரே அளவில், ஒரே மாதிரி வேண்டும். மனம்போல வளர்வதற்கு அங்கே இடமில்லை. அவர்கள் கடைக்கு அப்படிச் செய்து கொடுத்துவிட்டு, வீட்டுக்குத் தங்கள் இஷ்டப்படியே தைத்துக்கொண்டிருந்தார்கள். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் அதைத் தொடர்ந்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகமும் சுவரில் மாட்டியது அந்த வீட்டுக் குயில்ட்டுகளை. 2006இல் அமெரிக்கத் தபால்தலையிலும் வந்தன.

அதனால் தெப்பத்தை விடாதீர்கள். ஆனால் ஒரு கேள்வி கேட்பேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் குளத்தில் நீங்கள் மட்டும் பார்த்தது எது? கோபுரம், தெப்பம், விளக்கு, நிலா நான்கும் இருந்தால் அது யாருடைய குளமாகவும் இருக்கலாம். படிக்கட்டில் பாசி எந்தப் படியிலிருந்து தொடங்கும், தண்ணீர் வற்றினால் எந்தக் கல் முதலில் தெரியும், அது உங்களுக்குத்தான் தெரியும். மாற்றுவதானால் அந்தப் பக்கமாக மாற்றுங்கள்.

கேள்வி: மேடம், என் மனைவிக்குத்தான் இந்த மெயில் வந்தது. நான் என்ன சொன்னாலும் தப்பாகிறது. ஒரு கணவன் என்ன செய்ய வேண்டும்?
வாசகர், சிங்கப்பூர்

பதில்: தம்பி, கேட்டதே பெரிய விஷயம். ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று சொல்லாதீர்கள். இந்த வருஷத்து வலி இன்னும் முடியவில்லை. ‘அவர்களுக்கு ரசனை இல்லை’ என்றும் சொல்லாதீர்கள். அந்த ரசனையை மதித்துத்தான் அவர் அனுப்பினார். எவ்வளவு செலவானது என்ற கணக்கை இந்த மாதம் எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரு மரச்சட்டமும் இரண்டு கொக்கியும் வாங்கி வந்து, ‘இதை ஹாலில் மாட்டலாமா, எந்தச் சுவர்?’ என்று கேளுங்கள். நேர் வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டிக் கொடுங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் அவரைப் பேச விடுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். வெளிநாட்டுக் கண்காட்சிக்கு ஒருமுறை அனுப்பினேன், எடுக்கவில்லை. கட்டணம் டாலரில். மறுபடி முயல்வது வீண் செலவா? அதே குயில்ட்டையே அனுப்பலாமா?
வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கட்டணம் திரும்பி வராது, அது நிச்சயம். அதனால் கண்டபடி அனுப்பாமல் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். முதல் கட்டத்தில் படம் மட்டும்தான் போகிறது. குயில்ட்டை அனுப்பும் செலவு தேர்வானால்தான். திரும்ப அனுப்புகிற செலவு யாருடையது, காப்பீடு உண்டா, எத்தனை மாதம் வைத்திருப்பார்கள், வேறு ஊர்களுக்கும் கொண்டுபோவார்களா, இதெல்லாம் விதிகளில் இருக்கும். விண்ணப்பிக்கும் முன் படியுங்கள்.

அதே குயில்ட்டை வேறு கண்காட்சிக்குத் தாராளமாக அனுப்பலாம். ஒரு குழு எடுக்காததை இன்னொரு குழு எடுப்பது சர்வசாதாரணம். ஆனால் இரண்டு விதிகளைக் கவனியுங்கள். பல ஆர்ட் குயில்ட் கண்காட்சிகள், குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு முடித்த வேலையாக இருக்க வேண்டும் என்று கேட்கும். சில, இதற்கு முன் வேறெங்கும் காட்டியிருக்கக் கூடாது என்று கேட்கும். அதனால் முடிவு வந்ததும் சோர்ந்து ஓராண்டு போட்டு வைத்தால், அந்தக் குயில்ட் அனுப்பக்கூடிய காலம் அப்படியே கழிந்துவிடும்.

எல்லா இடத்திலும் முன்தேர்வு உண்டு என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் 2003 முதல் நடக்கும் ‘ஃபெஸ்டிவல் ஆஃப் குயில்ட்ஸ்’ போட்டியில் பெரும்பாலான பிரிவுகளுக்கு முன்தேர்வு கிடையாது, யாரும் கலந்துகொள்ளலாம். நம் பக்கத்தில் 2019இல் சென்னையில் ‘இந்தியா குயில்ட் ஃபெஸ்டிவல்’ நடந்தது. அந்த மாதிரி இடங்களில் உங்கள் குயில்ட்டை ஆட்கள் நேரில் பார்ப்பார்கள், தொட்டுவிடக் கூடாதே என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அப்படி ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த வேலையை வெளிநாட்டுக்கு அனுப்புவது என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு முன் காட்டாததாக இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே பின்பக்கம் ஒரு சின்னத் துணி லேபிள் தைத்து, அதில் பெயர், தலைப்பு, அளவு, முடித்த மாதம், ஆண்டு எல்லாவற்றையும் அழியாத மையில் எழுதிவிடுங்கள். விண்ணப்பத்தில் அந்தத் தேதியைத்தான் முதலில் கேட்பார்கள்.